பெங்களூரில் பழைய சொகுசு எஸ்யூவி: வாங்கவும் வைத்திருக்கவும் ஒரு கையேடு

ஷோரூமை விட்டு இறங்கும்போது 80 லட்சம், ஒரு கோடி விலை இருந்த ஆடி க்யூ7, பிஎம்டபிள்யூ எக்ஸ்5, மெர்சிடிஸ் ஜிஎல்எஸ் எல்லாம் ஏழெட்டு வருடத்தில் புது இன்னோவா ஹைகிராஸ் விலைக்குக் கைமாறுகின்றன. இறங்குவது வண்டியின் விலை மட்டும்தான். அதன் ஏர் சஸ்பென்ஷனும் (ஸ்பிரிங்குக்குப் பதில் வண்டியைத் தாங்கும் காற்றுப் பைகள்), டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் ஒரு கோடி வண்டிக்கான விலையிலேயே நிற்கின்றன. அதனால் செலவுக் கணக்குப் போடும்போது நீங்கள் கொடுத்த பணத்தை மறந்துவிடுங்கள். அந்த மாடல் புதிதாக என்ன விலைக்கு விற்றது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது விஷயம் இந்த ஊருக்கே உரியது. பெங்களூரில் ஒரு வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பது பாதிச் செய்திதான். எத்தனை மணி நேரம் இன்ஜின் ஓடியது என்பதே மீதி. டிரிப் கம்ப்யூட்டரை ரீசெட் செய்து ஒரு மாதம் விடுங்கள், சராசரி வேகம் தெரிந்துவிடும். சில்க் போர்டு, மாரத்தஹள்ளி வழியாகத் தினமும் ஆபீஸ் போகிறவர்களுக்கு மணிக்கு 18 கி.மீ. என்று காட்டினால் வியப்பில்லை. கம்பெனி சொல்லும் 15,000 கி.மீ. ஆயில் இடைவெளியை 18-ஆல் வகுத்தால் 833 மணி நேரம். அதே 15,000 கி.மீ.யை நெடுஞ்சாலையில் சராசரி 60-இல் ஓட்டுகிறவரின் இன்ஜின் 250 மணி நேரம்தான் ஓடியிருக்கும். ஒரே மீட்டர், மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். இந்த வகை வண்டிகள் பற்றி வரும் புகார்களில் பாதி இந்த வித்தியாசத்தில் பிறந்தவை என்பது எங்கள் கணிப்பு. ஆகவே நகரத்துக்குள் ஓடும் டீசலுக்கு ஆயில் மாற்றுவது 7,500 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. சராசரி வேகம் 15-க்குக் கீழே என்றால் 6,000.

வாங்கும் முன்

காகிதத்தில் தொடங்குங்கள். சந்தையில் ஆச்சரியமான விலையில் கிடைக்கும் டீசல் எஸ்யூவிகளில் கணிசமானவை டெல்லிப் பதிவு. 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகள் டெல்லியில் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதன் பிறகு நடைமுறையில் மாற்றங்கள் வந்திருந்தாலும் வயதாகும் டீசலை அங்கே யாரும் நல்ல விலைக்கு வாங்குவதில்லை, தெற்கே அனுப்பிவிடுகிறார்கள். வண்டி நன்றாகவே இருக்கலாம். ஆனால் கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுள் வரி 18 சதவீதம், அதன் மேல் செஸ். வெளி மாநில வண்டிக்கு வயதுக்கேற்பக் குறைத்துதான் வாங்குவார்கள் என்றாலும் பல லட்சம் வந்து நிற்கும். விலை பேசும் முன்பே ஆர்டிஓ-வில் அந்த வண்டிக்கு உரிய வரித் தொகையைக் கேட்டு, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். படிவம் 28 என்ஓசி (பழைய ஆர்டிஓ-வின் தடையில்லாச் சான்று), கடன் இருந்திருந்தால் படிவம் 35, கைமாற்றத்துக்கு 29, 30 ஆகியவை கையில் வராமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் எத்தனையாவது உரிமையாளர், ஹைப்போதிகேஷன் (வண்டி மீதுள்ள கடன்), இன்ஷூரன்ஸ் தேதி மூன்றையும் சரிபாருங்கள். பழைய பாலிசியில் நோ கிளைம் போனஸ் பூஜ்யம் என்றால் அதற்கு முந்தைய வருடம் என்ன கிளைம் செய்தார்கள் என்று கேளுங்கள்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது இன்ஜினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிக் கிளம்பலாம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் சில வினாடிகளில்தான் டைமிங் செயினின் (வால்வுகளைச் சரியான நேரத்தில் திறக்க வைக்கும் சங்கிலி) கடகட சத்தம் கேட்கும். சூடான இன்ஜினில் அது அடங்கிவிடும்.

ஸ்கேன் இல்லாமல் இந்த வகை வண்டியை வாங்கவே கூடாது. போனோடு இணைக்கும் சாதாரண ஓபிடி டாங்கிள் போதாது. ஆடிக்கு விசிடிஎஸ், பிஎம்டபிள்யூவுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு சென்ட்ரி, லேண்ட் ரோவருக்கு ஜேஎல்ஆர் மென்பொருள் அல்லது கேப் டூல் வைத்திருக்கும் கராஜாகப் பிடியுங்கள். பார்க்க வேண்டியவை: இன்ஜின், கியர்பாக்ஸ், ஏபிஎஸ் மாட்யூல்களில் பதிந்துள்ள கிலோமீட்டர் டேஷ்போர்டோடு ஒத்துப்போகிறதா, டிபிஎஃப்-இல் (புகைக்கரியைப் பிடிக்கும் டீசல் ஃபில்டர்) சேர்ந்துள்ள சாம்பல் அளவு, ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த மதிப்பு, அதில் ஒன்று மட்டும் மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறதா, எரர்களை அழித்து எவ்வளவு தூரம் ஆகிறது. நேற்றுதான் எல்லா எரரையும் துடைத்திருக்கிறார்கள் என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

2022 செப்டம்பரில் எமலூர், பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் பேஸ்மென்ட்டோடு முழுகிய சொகுசு வண்டிகள் பல. அவற்றில் சரிசெய்யப்பட்டுச் சந்தைக்கு வந்தவையும் உண்டு. சீட் பெல்ட்டை அடிவரை இழுத்து அழுக்குக் கோடு இருக்கிறதா பாருங்கள். சீட் போல்ட்டின் துரு, பூட் அடியில் ஸ்பேர் டயர் குழியில் வண்டல், தரைவிரிப்பை அழுத்தினால் ஈரம், ஏசி போட்டதும் சேற்று வாடை ஆகியவற்றில் இரண்டு இருந்தாலும் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நீர் புகுந்த கனெக்டர் இரண்டு வருடம் கழித்துக்கூடத் தொல்லை கொடுக்கும்.

எந்த இன்ஜினில் எது போகும்

ஆடியின் 3.0 டிடிஐ வி6-இல் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம், அதாவது இன்ஜினின் பின்புறம் இருக்கிறது. டென்ஷனர் தளர்ந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. பாகத்தைவிட லேபர் அதிகம். பிஎம்டபிள்யூவின் 3.0 ஆறு சிலிண்டர் டீசலிலும் செயின் பின்புறம்தான். கூடவே ஈஜிஆர் கூலர் (இன்ஜினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) ஒழுகுவது தெரிந்த கோளாறு, உலகம் முழுக்க ரீகால் நடந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து அந்த ரீகால் வேலை முடிந்ததா என்று சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். கூலன்ட் குறைந்துகொண்டே வருகிறது, வெளியே ஒழுகல் இல்லை என்றால் முதல் சந்தேகம் இந்தக் கூலர்.

மெர்சிடிஸ் ஜிஎல் 350, ஜிஎல்எஸ் 350டி இரண்டிலும் உள்ள ஓஎம்642 வி6 அடிப்படையில் உழைக்கும் இன்ஜின். அதன் பலவீனம் இரண்டு சிலிண்டர் வரிசைக்கு நடுவே, டர்போவுக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் ஆயில் கூலரின் சீல்கள். சீல் விலை சொற்பம். அதை எட்ட இன்டேக், டர்போ எல்லாம் கழற்ற வேண்டும், இரண்டு மூன்று நாள் வேலை. பழைய ஆரஞ்சு நிற சீலுக்குப் பதிலாகப் பின்னர் வந்த ஊதா நிற சீலையே போடச் சொல்லுங்கள். கழற்றிய கையோடு டர்போ இன்லெட் சீலையும் மாற்றிவிடுங்கள். அது ஒழுகினால் கீழே உள்ள ஸ்விர்ல் ஃப்ளாப் (உள்ளே போகும் காற்றைச் சுழற்றும் மடல்) மோட்டார் ஆயிலில் நனைந்து போகும்.

லேண்ட் ரோவரின் பழைய 3.0 வி6 டீசலில் கிராங்க் பேரிங் போய் கிராங்க் ஷாஃப்ட்டே உடைவது உண்டு. அப்படி ஆனால் ரிப்பேர் என்ற பேச்சே இல்லை, வேறு இன்ஜின்தான். ஆயில் மாற்றிய பில்கள் தேதிவாரியாக இல்லாத டிஸ்கவரி 4, ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட்டைத் தொடாதீர்கள். இந்த இன்ஜினில் முன்புறம் டைமிங் பெல்ட் ஒன்று, பின்புறம் டீசல் பம்ப்புக்கு இன்னொன்று. மாற்றினோம் என்பார்கள், இரண்டுமா என்று கேளுங்கள்.

டொயோட்டா லேண்ட் குரூஸர் இந்தப் பட்டியலில் தனி. கோளாறு குறைவு, விலையும் இறங்காது. முழுதாக இறக்குமதி ஆகும் வண்டி என்பதால் சில பாகங்களுக்குக் காத்திருக்க வேண்டும். நம்பகத்தன்மை ஒன்றே குறி, பணம் இருக்கிறது என்றால் அதை எடுங்கள், மேற்கொண்டு படிக்கும் அவசியம் பாதியாகக் குறையும்.

ஆயில் விஷயத்தில் பிராண்டைவிட அனுமதி எண் முக்கியம். டிபிஎஃப் உள்ள டீசலுக்கு ஆடி என்றால் 507.00, பிஎம்டபிள்யூ என்றால் லாங்லைஃப்-04, மெர்சிடிஸ் என்றால் 229.51 அல்லது 229.52 என்று டப்பாவின் பின்புறம் அச்சாகி இருக்க வேண்டும். இன்ஜினுக்கேற்ப 6.5 முதல் 8.5 லிட்டர் வரை பிடிக்கும். தவறான ஆயில் விடும் சாம்பல் டிபிஎஃப்-இல் தங்கிவிடும், அதை எந்த நெடுஞ்சாலை ஓட்டமும் எரிக்காது.

"லைஃப்டைம்" கியர் ஆயில்

2010-க்குப் பிந்தைய எக்ஸ்5, 2015-க்குப் பிந்தைய க்யூ7, 2013-க்குப் பிந்தைய ரேஞ்ச் ரோவர் மூன்றிலும் இருப்பது இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். கார் கம்பெனிகள் அதன் ஆயில் ஆயுள் முழுவதற்கும் என்கின்றன. கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்-ஓ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. எங்கள் ஊர் டிராஃபிக்குக்கு 60,000 கி.மீ.

ஃபில்டர் அடிப் பானோடு ஒட்டியே வரும், பான் பிளாஸ்டிக். ஆகவே பான், போல்ட், டிரெயின் பிளக் சேர்ந்த செட்டாக வாங்க வேண்டும். லைஃப்கார்டு 8 அல்லது கார் கம்பெனியின் சொந்த ஆயில் 7 லிட்டர் கையில் இருக்கட்டும். இறக்கினால் 5, 6 லிட்டர்தான் வெளியே வரும், மிச்சம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரில் தங்கும். தவறு நடப்பது லெவல் பார்ப்பதில். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, வண்டி லிஃப்ட்டில் மட்டமாக நிற்க, கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டு எடுத்து, ஸ்கேனரில் ஆயில் சூடு 30-லிருந்து 50 டிகிரிக்குள் இருக்கும்போது ஃபில்லர் துளையில் ஆயில் மெல்ல வழிய வேண்டும். சூடு பார்க்காமல் ஊற்றி மூடுகிற கராஜில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

டிபிஎஃப், ஆட்ப்ளூ

புகைக்கரியை எரிக்க டிபிஎஃப் சுமார் 600 டிகிரி சூட்டுக்குப் போக வேண்டும், அதற்கு 15, 20 நிமிட இடைவிடாத ஓட்டம் வேண்டும். எச்எஸ்ஆர் லேஅவுட்டிலிருந்து கோரமங்களாவுக்கு நாலு கி.மீ. போய் அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். நிற்கும் ஒவ்வொரு முறையும் அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறுகிறது, டீசல் வாடை அடிக்கிறது என்றால் உடனே ஆயிலை மாற்றுங்கள். நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும்.

எரிப்பு நடப்பதை வண்டியே காட்டிக் கொடுக்கும்: ஐட்லிங் சற்று ஏறும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, மைலேஜ் திடீரென்று குறையும், அணைத்த பின்னும் ஃபேன் ஓடும். அப்போது வீடு வந்துவிட்டது என்று அணைக்காமல் இன்னும் ஒரு பத்து நிமிடம் சுற்றி வாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதிகாலையில் ஏர்போர்ட் ரோடிலோ ஓசூர் தாண்டி கிருஷ்ணகிரி பக்கமோ அரைமணி நேரம், 2,000 ஆர்பிஎம்-க்குக் குறையாமல், கியரை மேனுவலில் வைத்து ஓட்டுங்கள். மாதம் ஒரு முறை சேலம், சென்னை என்று ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு இந்தத் தொல்லையே பெரும்பாலும் வராது. வாரம் 50 கி.மீ. நகரத்துக்குள் மட்டும் ஓட்டுகிறவர் டீசலை எடுக்கவே கூடாது. அவருக்குப் பெட்ரோல்தான், மைலேஜ் 6 கொடுத்தாலும்.

பிஎஸ்6 டீசல்களுக்கு ஆட்ப்ளூ (புகையின் நச்சைக் குறைக்கும் திரவம், தனி டேங்கில் ஊற்றுவது) வேண்டும். 1,000 கி.மீ.க்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் ஆகும். டேஷ்போர்டில் இறங்கு எண்ணிக்கை தொடங்கிய பின் தள்ளிப்போடாதீர்கள். பூஜ்யம் ஆனால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நீங்களே நின்று ஊற்றுங்கள். டீசல் டேங்கில் ஆட்ப்ளூ போய்விட்டால் இக்னிஷனைக்கூடப் போடாமல் டோ செய்ய வேண்டும்; போட்டால் பம்ப், ரெயில், இன்ஜெக்டர் அத்தனையும் போகும்.

ஏர் சஸ்பென்ஷன்

இதுதான் பெரிய செலவு, முன்கூட்டியே கண்டுபிடிக்கக் கூடியதும் இதுதான். காற்றுப் பையின் ரப்பர் மடிப்பில் விரிசல் விடும். ஆறேழு வருடத்துக்கு மேல் போன பை எந்த நேரமும் ஒழுகலாம். ஒழுகும் காற்றை ஈடுகட்ட கம்ப்ரஸர் அடிக்கடி ஓடும், ஓடி ஓடிக் கருகும். ஆகவே கம்ப்ரஸர் போய்விட்டது என்று யாராவது சொன்னால், ஏன் போனது என்ற கேள்விக்கும் பதில் வாங்குங்கள். ஒழுகலை அடைக்காமல் போட்ட புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில்தான் போகும்.

சோதனைக்குத் தேவை ஒரு டேப்பும் மட்டமான தரையும். இரவு நார்மல் உயரத்தில் நிறுத்தி, நான்கு மூலையிலும் சக்கர நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். காலையில் கதவைத் திறக்கும் முன்பே மறுபடி அளக்க வேண்டும்; அன்லாக் செய்தால் சிஸ்டம் விழித்துக்கொண்டு உயரத்தைச் சரிசெய்துவிடும். குளிர்ந்த இரவில் நான்கும் ஒரே சீராக 5 மி.மீ. இறங்குவது இயல்பு. ஒரு மூலை மட்டும் 15, 20 மி.மீ. இறங்கினால் அந்தப் பை. முன்னிரண்டும் அல்லது பின்னிரண்டும் சேர்ந்து இறங்கினால் பைகளுக்குக் காற்றைப் பிரித்து விடும் வால்வ் பிளாக் மீது சந்தேகம். பிறகு சோப்பு நீரை ஸ்ப்ரே செய்து நுரைக்கும் இடத்தைப் பிடியுங்கள், வண்டி உச்ச உயரத்தில் இருக்கும்போது.

ஒரு பக்கப் பை போனால் அதே ஆக்ஸிலின் மறுபக்கத்தையும் மாற்றுவது நல்லது, இரண்டுக்கும் வயது ஒன்றுதான். கம்ப்ரஸர் மாற்றினால் அதற்கு மின்சாரம் விடும் ரிலேயும் கட்டாயம். ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடும். மாட்டி முடித்த பின் ஸ்கேனரில் உயரக் காலிப்ரேஷன், அதன் பின் வீல் அலைன்மென்ட். டயர் மாற்றும்போது ஜாக் மோடு (உயரச் சரிசெய்தலை நிறுத்தும் அமைப்பு) போடாமல் தூக்கவே கூடாது என்று பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சாதாரண ஸ்பிரிங் போட்டுத் தரும் மாற்று கிட்டும் கிடைக்கிறது. 12 வருடத்துக்கு மேலான வண்டிக்கு அது பரவாயில்லை. அதற்குக் குறைந்த வயதில் வேண்டாம். எச்சரிக்கை விளக்கை மறைக்க மென்பொருளில் கை வைக்க வேண்டிவரும், விற்கும்போது விலையும் விழும்.

அபார்ட்மென்ட் பேஸ்மென்ட் சரிவிலும் உயரமான ஹம்ப்களிலும் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் பட்டனைப் போட்டு ஏறுங்கள். முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ்கள் நம் குழிகளில் 50,000 கி.மீ. தாங்கினால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டயர், பேட்டரி, எலி

ஆல் வீல் டிரைவில் ஒரு டயரை மட்டும் புதிதாகப் போடுவது முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு எமன், குறிப்பாக எக்ஸ்5-இல். சுற்றளவு வித்தியாசத்தை அதன் கிளட்ச் ஓயாமல் ஈடுகட்டித் தேயும். நான்கு டயர் கட்டைக்கும் இடையே 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் விடாதீர்கள். ஏஜிஎம் பேட்டரி 95 அல்லது 105 ஆம்பியர் அவர். மாற்றியதும் ஸ்கேனரில் பதிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும். வாரக்கணக்கில் நிறுத்தினால் ஸ்மார்ட் சார்ஜர் வாங்கிவிடுங்கள். பேஸ்மென்ட் எலி வயரைக் கடித்தால் ஹார்னஸ் முழுதும் மாற்ற எஸ்டிமேட் கொடுப்பார்கள். அறுந்த வயர்களை மட்டும் முறையாக இணைத்துத் தரும் எலக்ட்ரீஷியனை முதலில் கேளுங்கள்.

மழை

பெங்களூரின் தூங்குமூஞ்சி மரங்களுக்கும் தபேபுயாவுக்கும் கீழே நிறுத்தும் வண்டியில் பனோரமிக் சன்ரூஃபின் வடிகால் குழாய் அடைவது நிச்சயம். நீர் தூண் வழியாக உள்ளே இறங்கி, தரைவிரிப்புக்கு அடியிலும் பூட் ஓரத்திலும் உள்ள மாட்யூல்களை நனைக்கும். மே மாதத்துக்கு முன் சன்ரூஃபைத் திறந்து, நான்கு மூலையிலும் அரைக் கோப்பை நீர் ஊற்றி, சக்கரத்தின் பக்கம் கீழே வழிகிறதா பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் கம்பி போதும். அதிக அழுத்தக் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுவிடும்.

ரேஞ்ச் ரோவர் 900 மி.மீ. நீரில் இறங்கும் என்றும் எக்ஸ்5 500 மி.மீ. என்றும் கம்பெனிகள் சொல்வது நின்ற நீருக்கு. எதிரே வரும் பஸ் எழுப்பும் அலைக்கு அந்தக் கணக்கு செல்லாது. நீரில் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். சிலிண்டரில் புகுந்த நீரை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். சாதாரணப் பாலிசி இதைத் தராது. இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் வேண்டும், பாக விலையில் தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப்ரிசியேஷனோடு சேர்த்து.

வருடக் கணக்கு

புதிதாக 80 லட்சம் விலை இருந்த டீசல், வருடம் 10,000 கி.மீ., வெளி கராஜ் என்று வைத்துத் தோராயமாகப் போட்டால்: லிட்டருக்கு 8 கி.மீ., டீசல் 90 ரூபாய் என்றால் எரிபொருள் 1,12,500. ஆயிலும் ஃபில்டர்களும் 30,000. டயர் செட் 1.4 லட்சம், 35,000 கி.மீ. ஓடும் என்றால் வருடத்துக்கு 40,000. பிரேக் பேடும் டிஸ்க்கும் 20,000. பேட்டரி, கியர் ஆயில் பங்கு 15,000. இன்ஷூரன்ஸ் 90,000. இவற்றோடு ரிப்பேர் நிதியாகப் புது விலையில் 2 சதவீதம், அதாவது 1.6 லட்சம், தனிக் கணக்கில் போட வேண்டும். மொத்தம் சுமார் 4.7 லட்சம், மாதம் 39,000. ஒரு வருடம் ரிப்பேர் வராவிட்டால் அந்த 1.6 லட்சத்தை எடுத்துச் செலவழிக்காதீர்கள். அடுத்த வருடம் ஏர் சஸ்பென்ஷன் அதைக் கேட்கும். மாதம் 39,000 கனக்கிறது என்றால் வாங்காமல் இருப்பதே சரியான முடிவு, 15 லட்சத்துக்குக் கிடைத்தாலும்.

வாரன்டி உள்ளவரை கம்பெனி சர்வீஸ். முடிந்த பின் உங்கள் பிராண்டுக்கு உரிய ஸ்கேனர் வைத்திருக்கும் கராஜ். வில்சன் கார்டன், சிவாஜி நகர் பக்கம் தமிழிலேயே பேசி வேலை வாங்க முடியும். ஃபில்டர், பேட், சென்சர் போன்றவற்றுக்கு ஜே.சி. ரோடில் பார்ட் எண்ணைக் காட்டி விலை கேளுங்கள். பெட்டியில் கார் கம்பெனி பெயர் இல்லாமல், அவர்களுக்குச் செய்துகொடுக்கும் பாஷ், மான், லெம்ஃபோர்டர் பெயரில் அதே பொருள் குறைவாகக் கிடைக்கும். காயலான் கடைப் பாகம் கதவு, பம்பர், கண்ணாடிக்கு ஓகே; காற்றுப் பை, பிரேக், இன்ஜெக்டருக்குக் கூடாது. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். பில்லில் பார்ட் எண், தேதி, ஓடிய கி.மீ. மூன்றும் இருக்கும்படி எழுதி வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்; இரண்டாம் முறை அதே கோளாறு வரும்போது லேபர் வாரன்டி கேட்கவும், வண்டியை விற்கும்போது விலை பேசவும் அந்த ஃபைல் வேண்டும்.